படகுத்துறையில் பதினொரு பேர்

2006 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். காலையிலிருந்து பெய்த மூன்றாவது மழை அப்போதுதான் சாரலாகக் குறைந்திருந்தது. ஃபோர்ட் கொச்சி படகுத்துறைக்கு எதிரே இருந்த சாயாக்கடையில் நான் உட்கார்ந்திருந்தேன். எதிர்க்கரைத் தீவான வைப்பினிலிருந்து வந்த படகில் பத்து இளைஞர்கள் இறங்கினார்கள். யார் கையிலும் குடை இல்லை. அவர்களுக்காகத்தான் என் மகனின் கூட்டாளிகள் துறையில் காத்துக்கொண்டிருந்தார்கள். சண்டை நாலேகாலுக்கு என்று இரண்டு தரப்பும் போனில் பேசி முடிவு செய்திருந்தது.

சண்டைக்கு நேரம் குறிக்கும் வழக்கம் கொச்சியில் கிடையாது. இங்கே கோபம் வந்தால் வந்த இடத்தில் அடித்துக்கொள்வார்கள். நேரம் குறிப்பதை இந்தப் பையன்கள் சினிமாவில் கற்றார்கள்.

நான் மாநகராட்சியின் வரிப் பிரிவில் முப்பத்துநான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன். மட்டாஞ்சேரியில் வீடுவீடாக ஏறி, அறை எத்தனை, வாசல் எத்தனை, குடித்தனம் எத்தனை என்று எண்ணி எழுதுவது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. மகனுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. பாலிடெக்னிக் முடித்து மூன்று வருடம் சும்மா இருந்தான். கல்ஃபில் இருக்கும் என் மைத்துனர் அவனுக்கு ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர் வேலை பேசி வைத்திருந்தார். விசாவுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. அவன் பெயரில் ஒரு புகார்கூட இல்லாமல் அந்த விசாரணை முடிய வேண்டும். பணம் கட்டியதிலிருந்து நாற்பது நாளாக நான் கும்பிட்டதெல்லாம் அதற்காகத்தான்.

அந்தச் சும்மா இருந்த மூன்று வருடத்தில்தான் அவனுக்கு அந்தப் படங்கள் பழக்கமாயின. பஜார் ரோட்டில் ஒரு சிடி கடை இருந்தது. இங்கிலாந்தில் கால்பந்து அணிகளுக்காகக் கூட்டமாகத் திரிந்து, எதிரணியின் கூட்டத்தை அடித்து நொறுக்கும் ஆண்களைப் பற்றிய படங்கள். மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றையும் ஆறேழு தடவை வாடகைக்கு எடுத்தான். பத்து கூட்டாளிகளும் எங்கள் வீட்டு ஹாலில் தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

ஒருநாள் நானும் உட்கார்ந்தேன். நூற்றேழு நிமிடப் படத்தில் பந்து கண்ணில் பட்டது இரண்டரை நிமிடம்.

"இதுல பந்து எங்கடா?" என்று மகனைக் கேட்டேன்.

"இது பந்தைப் பத்தின படம் இல்லப்பா."

"பின்னே?"

"கூட நிக்கிறதைப் பத்தி."

அடிகளை எண்ண ஆரம்பித்தேன். வேறு என்ன செய்வது? பையன்களில் ஒருவன் அதைக் கண்டுகொண்டான்.

"அங்கிளே, ஸ்கோர் எத்ர?"

"நூற்றுப் பன்னிரண்டு."

"ஐயோ, இனியும் முக்கால் மணிக்கூர் உண்டு! அங்கிளுக்கு விரல் போதுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று எழுந்து போய் டிவியை அணைத்திருக்கலாம்.

என்னைப் பயமுறுத்தியது ரத்தம் அல்ல. அந்தப் படங்களில் வரும் ஆண்கள் வேலையில்லாதவர்கள் அல்ல. ஒருவன் அச்சகத்தில் இருக்கிறான், ஒருவன் வங்கியில், ஒருவன் பள்ளியில் பாடம் நடத்துகிறான். திங்கள் முதல் வெள்ளி வரை ஒழுங்காக வேலைக்குப் போய், சனிக்கிழமை விழுந்து கிடப்பவனின் முகத்தில் மிதிக்கிறான். மகனுக்கு ஒரு வேலை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தவன் நான். வேலை கிடைத்தவர்களைத் திரையில் பார்த்தேன். பிறகு எதை நம்புவது என்று தெரியவில்லை. ஒன்பது படங்களில் தகப்பன் என்று ஒருவர் தலைகாட்டுவது இரண்டில் மட்டுமே. அந்த இருவரும் ஏதோ சொல்ல வாய் திறக்கும்போது மகன் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறான்.

எல்லாப் படங்களும் கடைசிப் பத்து நிமிடத்தில் இது தவறு என்று சொல்கின்றன. யாராவது ஒருவன் செத்துப்போவான், மற்றவர்கள் அழுவார்கள். அதற்கு முந்தைய தொண்ணூறு நிமிடமும் அது எத்தனை அழகு என்று பாட்டுப் போட்டுக் காட்டியிருப்பார்கள். பையன்கள் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் சிடியைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்புவார்கள். கடை மூடுமுன் போகாவிட்டால் இன்னொரு நாள் வாடகை.

உலகக் கோப்பை வந்தது. கொச்சி முழுக்க பிரேசில், இல்லாவிட்டால் அர்ஜென்டினா. எங்கள் மாடியில் மட்டும் இங்கிலாந்துக் கொடி. எதிர்வீட்டுக்காரர், தென்காசிப் பக்கத்துக்காரர், கேட்டார்: "வெள்ளக்காரன் போயி அறுவது வருசம் ஆவப்போவுது. அண்ணாச்சி வீட்டு மாடிய விட்டு மட்டும் எறங்க மாட்டேங்கானே?"

படகுத்துறையில் எங்கள் பையன்கள் கட்டிய இங்கிலாந்து ஃபிளெக்ஸ் போர்டை வைப்பினின் அர்ஜென்டினாப் பையன்கள் கிழித்துவிட்டார்கள். வழக்கமாக என்ன நடக்கும்? அதைவிட நாலு அடி உயரமாக இன்னொன்று வைப்பார்கள். இவர்கள் படத்தில் பார்த்ததுபோல் போன் செய்தார்கள். பக்கத்துக்குப் பத்துப் பேர், ஆயுதம் கூடாது, ஞாயிறு நாலேகால். என் மகன் அந்தப் பத்தில் இல்லை. "நினக்கு போலீஸ் விசாரணை வரான் உண்டு, நீ அடிக்க வேண்டா" என்று கூட்டாளிகளே விலக்கியிருந்தார்கள். அவர்களுடைய போன்களையும் வாட்சுகளையும் வாங்கி வைத்துக்கொள்வது மட்டும் அவன் பொறுப்பு. சனிக்கிழமை அவன் போனில் பேசியதைக் கேட்டு இவ்வளவும் தெரிந்துகொண்டேன். இருபத்துமூன்று வயதுக்காரனை அறையில் பூட்ட முடியாது. போலீசில் சொன்னால் அவன் பெயரும் ஏறும். அதனால்தான் முன்கூட்டியே போய்ச் சாயாக்கடையில் உட்கார்ந்தேன். எப்படியாவது அவனை இழுத்துக்கொண்டு வந்துவிடுவது என்று.

இழுத்தும் விட்டேன். அவன் ஒரு பிளாஸ்டிக் பையோடு ஓரமாக நின்றிருந்தான். கையைப் பிடித்தேன். என்ன நினைத்தானோ, கூடவே வந்தான். சாயாக்கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் அவனைப் பலகாரக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார வைத்தார்.

சண்டை நான்கு நிமிடம் நடந்தது. பாட்டு எதுவும் இல்லை. ஜூன் மழையில் எங்கள் பையன்கள் படத்தில் வருவதுபோல் ஜிப் வைத்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். நனைந்து கனத்துப் போய் அவர்களால் கையைத் தூக்கவே முடியவில்லை. செருப்புகள் வழுக்கின. அடித்ததைவிட விழுந்ததுதான் அதிகம். பார்த்தவர்கள் சிரித்தார்கள். வைப்பின் பையன் ஒருவன், ஐஸ் பிளான்டில் வேலை செய்பவன், வழுக்கி விழுந்தான். படகு கட்டும் இரும்புக் குற்றியில் அவனுடைய இடது கண் மோதியது. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

வைப்பின் பையன்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். போலீஸ் ஜீப் வந்தபோது எங்கள் பத்துப் பேரும் அங்கேயே நின்றார்கள். ஓடுவது கேவலம் என்று படத்தில் கற்றிருந்தார்கள். எஸ்.ஐ. அவர்களைத் தரையில் உட்கார வைத்துவிட்டுச் சாயாக்கடைக்கு வந்தார்.

"இவங்களோட கூட்டத்தில் மொத்தம் எத்ர பேர் உண்டாயிருந்நு?"

"பத்து, சாரே," என்றார் கடைக்காரர், டம்ளரைக் கழுவிக்கொண்டே.

"பதினொன்று," என்றேன் நான்.

அந்த ஒரு சொல் எப்படி வெளியே வந்தது என்று இத்தனை வருடம் யோசித்துவிட்டேன். மகனைக் காட்டிக்கொடுக்க நினைக்கவில்லை. மகன் அங்கே இருப்பதே அந்தக் கணத்தில் நினைவில் இல்லை. ஒருவர் எண்ணிக்கையைத் தப்பாகச் சொன்னார். முப்பத்துநான்கு வருடம் வீட்டுக்காரர்கள் ஓர் அறையைக் குறைத்துச் சொல்லும்போதெல்லாம் திருத்தியவன், திருத்தினேன். அவ்வளவுதான்.

கடைக்காரர் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எந்தா சாரே இது?" என்றார் மெதுவாக.

"பதினொன்றாமன் எவிடே?" என்றார் எஸ்.ஐ.

மகன் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தான். கையில் அந்தப் பை. அதற்குள் பத்து போன், ஏழு வாட்சு. திட்டமிட்டுச் செய்தார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியிருக்கவில்லை. யாரையும் தொடாத என் மகன் வழக்கில் முதல் பெயராக ஏறினான்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி கத்தவில்லை. "எண்ணாம இருந்தா செத்தா போயிருவீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஜாமீனில் வந்த அன்று மகனிடம் நான் கேட்டேன்: "நீ ஏண்டா எழுந்து வந்தே? உட்கார்ந்திருந்தா அவரு போயிருப்பாரே?"

"நீங்க சொல்லிட்டீங்களேப்பா. இனி எங்க ஒளியிறது?"

பாஸ்போர்ட் விசாரணை மூன்றாவது வாரம் வந்தது. வழக்கு நிலுவையில் என்று எழுதிக்கொண்டு போனார்கள். மைத்துனர் இரண்டு மாதம் வேலையைப் பிடித்து வைத்தார், பிறகு வேறு ஆளைச் சேர்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எங்கள் போனை எடுப்பதில்லை. வைப்பின் பையனை நான் பதினான்கு தடவை போய்ப் பார்த்தேன். இடது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, உருவம் தெரியவில்லை. அவன் அம்மா ஒவ்வொரு தடவையும் எனக்குச் சாயா கொடுத்தார். ஒரு தடவையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

2009-இல், பத்தொன்பதாவது வாய்தாவில், சமரசமாக வழக்கு முடிந்தது. மகன் இப்போது மிளகுக் கிடங்கில் மூட்டைக் கணக்குப் பார்க்கிறான். என்னிடம் ஒரு நாளைக்கு ஐந்தாறு வார்த்தை பேசுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் அறையில் தனியாக அதே படங்களைப் போடுகிறான், கூட்டாளிகள் யாரும் வருவதில்லை. கதவுக்கு வெளியே எனக்கு அடிச் சத்தம் கேட்கிறது.

வக்கீலுக்கும் ஜாமீனுக்கும் வாய்தாக்களுக்கும் இருபத்தெட்டாயிரத்து அறுநூறு. அந்தப் பையனின் கண்ணுக்குத் தொண்ணூறாயிரம். திரும்பி வராத விசாப் பணம் நாற்பத்தைந்தாயிரம். ஆக மொத்தம் ஒரு லட்சத்து அறுபத்து மூவாயிரத்து அறுநூறு ரூபாய்.