பெரியப்பாவின் அடைக்கோழி

அந்தத் தை மாசம் பெரியப்பா தன் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கத் தொடங்கியபோது, ஆமத்தூரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டது நான்தான். குடை அப்பாவுக்கு, அம்மி அடுத்த வீட்டுக்கு, டார்ச் லைட் எனக்கு. எட்டு வயசுக்காரிக்கு வேறென்ன வேண்டும்!

பெரியம்மா செத்து ஆறு மாசம். பிள்ளை இல்லை. இரண்டு பேரும் வீட்டிலேயே தீப்பெட்டிக் கூடு ஒட்டியவர்கள். பெரியம்மா பசை தடவுவாள், பெரியப்பா மடிப்பார், நாள் முழுக்கப் பேச்சும் ஏச்சும். இப்போது கம்பெனி கொடுத்த அட்டைக் கட்டு பிரிக்காமல் கிடந்தது. பசைச் சட்டி காய்ந்து வெடித்திருந்தது. அந்தச் சட்டிக்கு எதிரே பெரியப்பா அதே இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். ஒத்தை ஆளுக்கு உலை வைக்க அடுப்பும் சலிக்கும் என்பார்கள் எங்கள் பக்கம்.

கடைசியில் மிச்சமிருந்தது அடையில் உட்கார்ந்த கோழி. அதையும் முட்டைக் கூடையோடு எனக்கென்று தூக்கி வந்துவிட்டார்.

அம்மா கேட்டாள்: "எல்லாத்தையும் குடுத்துட்டு எங்கன போகப் போறீக அத்தான்?"

"உங்க அக்கா போன எடத்துக்குத்தான் தாயி. இனி நான் இருந்து யாருக்கு என்ன?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துவிட்டு, சண்டைக்காரி மாதிரி கத்தினாள்: "அடைக்கோழிய எடம் மாத்தலாமா? அம்புட்டும் கூமுட்டையாப் போகும். கொண்டு போங்க! மொதல்ல குஞ்சு பொரிக்கட்டும். இந்தா, புள்ளையும் கூட வரும்."

அன்றிலிருந்து மூன்று வேளையும் கஞ்சித் தூக்கோடு போனேன். அவுக சாப்பிட்டு முடிக்கிற மட்டும் எந்திரிக்கக் கூடாது என்று அம்மாவின் உத்தரவு. ராத்திரி அப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே படுக்கப் போனார், கீரிப்பிள்ளைக்குக் காவலாம். ஒரு கோழிக்கு இம்புட்டு மரியாதையா என்றிருந்தது எனக்கு. பெரியப்பா பேசவே மாட்டார். கஞ்சி ஆறும். நானும் அவரும் கோழியைப் பார்த்துக்கொண்டிருப்போம், கோழி எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒருநாள்தான் வாய் திறந்தார்: "ஏ புள்ள, இன்னைக்கு எத்தனாவது நாளு?"

அடை உட்கார்ந்த இருபத்தொன்றாம் நாள் ஒன்பது குஞ்சுகள். வீட்டுக்குத் தூக்கிப் போக நான் கூடையை நீட்டினேன். பார்க்க வந்திருந்த அம்மா பிடுங்கிக்கொண்டாள். "பருந்து தூக்கிரும். றெக்கை மொளைக்கிற மட்டும் உங்ககிட்டயே இருக்கட்டும் அத்தான்." அவர் குருணையை உள்ளங்கையில் வைத்துக் குனிந்தார்.

என் குஞ்சுகளைத் தராமல் அம்மா ஏமாற்றுகிறாள் என்று அன்று முழுக்க அழுதேன். அவளோ அடுத்த அடைக்கு முட்டை சேர்க்கத் தொடங்கியிருந்தாள். எங்கம்மாவுக்குக் கோழிப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.