வாரேன் என்று சொல்லாதீர்கள்

எங்கள் வீட்டு கேட்டில் ஒரு தகரப் போர்டு தொங்குகிறது. ஊரில் மற்றவர்கள் "நாய் ஜாக்கிரதை" என்று எழுதி மாட்டுவார்கள். எங்கள் போர்டில் "கிளம்பும்போது வாரேன் என்று சொல்லாதீர்கள்" என்று எழுதியிருக்கிறது. இராஜபாளையத்தில் இதைப் படித்துச் சிரிக்காத ஆள் கிடையாது. சொந்தக்காரர்களுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. என் ஓரகத்தி வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டாள்: "வந்தவுகள வாரேன்னு சொல்லாதன்னா என்ன அர்த்தம்? இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதன்னா?"

அர்த்தம் அது இல்லை. அது நாய்க்காக மாட்டிய போர்டு. அதை விளக்க வேண்டுமென்றால் நாங்கள் ஜெர்மனியில் இருந்த காலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவ்வளவு நேரம் வாசலில் நிற்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

என் கணவர் இராஜபாளையத்துக்காரர். நூல் மில் மெஷின் சத்தத்திலேயே வளர்ந்தவர். அந்த மெஷினைச் செய்கிற ஊரிலேயே வேலை கிடைத்துப் போனார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த நானும் அவர் பின்னால் போனேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தச் சின்ன ஊரில், பனி விழுந்துகொண்டிருந்த ஒரு நாள், கோட்டுக்குள் ஒரு வெள்ளைக் குட்டியை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். காகிதத்தில் அதற்கு முறையாக ஒரு பெயர் உண்டு. அவர் கூப்பிட்டதென்னவோ "ஏலே" என்றுதான்.

அங்கே நாய் வளர்ப்பதற்குப் பள்ளிக்கூடம் உண்டு. நாய் மட்டுமல்ல, நாமும் போய் நிற்க வேண்டும். கழுத்தில் போன் நம்பர் எழுதிய பட்டை, தோலுக்கு அடியில் சிப், கையில் கயிறு, எல்லாம் சரி. ஆனால் நாய் தொலையாமல் இருக்க ஒரு சொல்தான் முக்கியம் என்றார் சொல்லிக்கொடுத்த அம்மாள். கூப்பிட்டால் ஓடி வருவதற்கென்று ஒரு சின்னச் சொல். எந்த மொழியாக இருந்தாலும் சரி. வீட்டில் எல்லாரும் அதையே சொல்ல வேண்டும், வேறு எதற்கும் அதைச் சொல்லக் கூடாது. என் கணவர் யோசிக்கவே இல்லை. "வா" என்றார்.

நன்றாகவே பழகியது. பூங்காவில் அணிலை விரட்டிக்கொண்டு போகும்போது "வா" என்று குரல் கொடுத்தால் அணிலை அப்படியே விட்டுவிட்டு அவர் காலடிக்கு வந்து நிற்கும். வெள்ளைக்காரர்கள் எங்களிடம் அந்தச் சொல்லைக் கேட்டுச் சொல்லிப் பார்ப்பார்கள். அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

பிறகுதான் வினை ஆரம்பித்தது. ஒரு காலையில் அவர் வேலைக்குக் கிளம்பி, கதவைத் திறந்து, "வாரேன்" என்றார். நாய் அவர் காலுக்கு இடையில் புகுந்து வெளியே பாய்ந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் அவர் கவனிக்கவில்லை. நான் செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடினேன். காணோம். அன்று முழுக்க இரண்டு பேரும் சோறு தண்ணீர் இல்லாமல் தேடினோம். தெரியாத ஊரில் தெரிந்த ஒரே உயிர் அது. மறுநாள், பக்கத்து ஊர் நாய்க் காப்பகத்தில் சிப்பைப் படித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்கள். அங்கே போய் அதைக் கட்டிக்கொண்டு அவர் அழுததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த வாரமும் அதே கதை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாரேன் என்பதில் அதன் காதுக்கு "வா" மட்டும்தான் விழுகிறது. கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஓடுகிறது. அதன் மேல் என்ன தப்பு? போகும்போது வருகிறேன் என்று சொல்கிற ஜனம் நாம்தான்.

"இனிமே பை சொல்லுங்க, டாட்டா சொல்லுங்க. இல்ல, வாயை மூடிக்கிட்டுப் போங்க," என்றேன் அவரிடம்.

"வீட்ட விட்டு எறங்கும்போது வாரேன்னு சொல்லாம எப்படிட்டி போறது? கால் நகர மாட்டேங்கு," என்றார்.

சண்டை போட்டேன். ஒரு நாள் சொல்லாமல் போய்ப் பார்த்தார். பாதி வழியிலிருந்து போன் பண்ணி "வாரேன்" என்றுவிட்டு வைத்தார். இந்த மனிதரைத் திருத்த முடியாது என்று தெரிந்துபோயிற்று. அந்த வீட்டில் குளிருக்காக இரட்டைக் கதவு. உள்கதவு கண்ணாடி. முதலில் உள்கதவைச் சாத்திவிட்டு, வெளிக்கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்று சொல்லிக்கொள்ளலாம் என்று உடன்படிக்கை ஆனது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாய் காதை நிமிர்த்திக்கொண்டு நிற்கும், பட்டையைப் பிடித்தபடி நான் நிற்பேன். "வாரேன் லே" என்பார். அதன் உடம்பே முன்னால் இழுக்கும். ஆனால் அதன் பிறகு நாய் தொலையவில்லை.

அவருக்கு நெஞ்சில் கோளாறு என்று தெரிந்ததும் ஊருக்கே போய்விடலாம் என்றார். நாய்க்கு ஊசி போட்டு, காகிதம் வாங்கி, பெட்டி செய்து, எங்களோடு கொண்டுவந்து சேர்த்தோம். "ராஜபாளையத்துக்கே வெளியூர்ல இருந்து நாய் கொண்டாந்திருக்கானே! ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா கொண்டாரலையா?" என்று தெருவே கேலி பண்ணியது.

ஜெர்மனியில் படித்த படிப்பெல்லாம் இங்கே செல்லவில்லை. பட்டையில் இருந்தது ஜெர்மனி போன் நம்பர். சிப்பைப் படிக்கும் மெஷின் எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. வெள்ளை நாயைக் காணோம் என்று சொன்னால், இந்த ஊரில் எந்த வெள்ளை நாய் என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, இங்கே பால்காரர், சிலிண்டர் போடுகிறவர், பக்கத்து வீடு, சொந்தபந்தம் என்று எல்லார் வாயிலும் வாரேன்தான். ஒவ்வொரு தடவையும் நான் கேட்டுக்கு ஓட வேண்டும். என் அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து, போகும்போது "வாரேன்ட்டி" என்றாள். கேட்டை அவள் சாத்துவதற்குள் நாய் ஓடிவிட்டது. அவள் ஆட்டோ பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கிறது. அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போகிற மதுரை பஸ்ஸில் ஏறிப் போயே போய்விட்டாள். சாயங்காலம் வரை என் கணவர் ஸ்கூட்டரில் தெருத் தெருவாக "வா லே, வா லே" என்று கத்திக்கொண்டு அலைந்தார். ரயில்வே கேட் பக்கம் ஒரு டீக்கடையில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். "எந்த மில்காரவுக வீட்டு நாயோன்னு பிஸ்கட் போட்டு வச்சிருக்கோம்ணே," என்றாராம் கடைக்காரர்.

மறுநாள் என் கணவரே பெயிண்ட் வாங்கி வந்து அந்தப் போர்டை எழுதினார். எழுதினவர் மட்டும் சொல்வதை விடவில்லை. கேட்டைச் சாத்திக் கொண்டி போட்டுவிட்டு, ஸ்கூட்டரில் உட்கார்ந்து, கம்பி வழியாகப் பார்த்து "வாரேன் லே" என்பார். அதென்ன பிடிவாதமோ. எனக்கு எரிச்சலாக வரும்.

அன்றைக்கும் சொல்லிவிட்டுத்தான் போனார். சிநேகிதருடைய பேண்டேஜ் துணி யூனிட்டில் ஏதோ மெஷின் நின்றுவிட்டது, செத்த நேரம் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். மெஷினுக்குப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார். மத்தியானம் வேனில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

பந்தல் போட வந்தவர்கள் கேட்டை இரண்டு பக்கமும் அகலத் திறந்து கயிற்றால் கட்டிவிட்டார்கள். கூடத்தில் ஃப்ரீசர் பெட்டி. அதன் தலைமாட்டில் நான். என்னைச் சுற்றிப் பெண்கள் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கேட் திறந்து கிடக்கிறது என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. இவரும் போய், இதுவும் தொலைந்தால் நான் என்ன செய்வேன்? "கேட்டச் சாத்துங்க, நாய் ஓடிரும்," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அக்கா என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, "இழவு வீட்டுல கேட்டச் சாத்தக் கூடாதுட்டி. உன் நாய் எங்கயும் போகல, பாரு," என்றாள்.

பெட்டிக்கு அடியில் படுத்திருந்தது. ஆட்கள் வந்தார்கள், மாலை போட்டார்கள், கொஞ்ச நேரம் நின்றார்கள், போனார்கள். ஊரே வந்து போனது. நாய் தலையைத் தூக்கவில்லை. எப்படி இது இப்படிப் படுத்திருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன். வந்தவர்கள் எல்லாரும் வாயே திறக்காமல் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. வாரேன் என்ற சொல்லை அங்கே நாக்கில் எடுக்கக் கூடாது. போர்டு போட்டும் நடக்காதது அன்றைக்கு நடந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் அவரைத் தூக்கினார்கள். நாய் எழுந்தது. கால்களுக்கு நடுவே நடந்து கேட் வரைக்கும் போனது. தெருவில் இறங்கவில்லை. காதை நிமிர்த்திக்கொண்டு அவரையே பார்த்து நின்றது, அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்ற மாதிரியே. பட்டையைப் பிடிக்க யாரும் இல்லை. ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும், சுடுகாடு வரைக்கும் ஓடியிருக்கும்.

அவர் சொல்லவில்லை. தெருமுனை திரும்புகிற வரை பார்த்துவிட்டு, நாய் உள்ளே வந்து பெட்டி இருந்த இடத்தில் படுத்துக்கொண்டது. கேட் திறந்தேதான் கிடந்தது.