வத்திராயிருப்பு பஸ்ஸில் போன என் புள்ளி

காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் செய்யும் முதல் வேலை, நான் இருக்கும் இடத்தைப் போனில் என் கணவருக்கு அனுப்புவது. லைவ் லொக்கேஷன் என்பார்களே, அதுதான். சில மணி நேரம் ஓடித் தானாக அணைந்துவிடும். சாயங்காலம் கிளம்பும்போது மறுபடி போட வேண்டும். ஒவ்வொரு முறையும் என் விரலால் நானேதான் தட்ட வேண்டும்.

அவர் சவுதியில் இருக்கிறார். நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பாக்கிங் பிரிவில் இருக்கிறேன். வேலைக்குப் போகலாம், ஆனால் போன் வரைபடத்தில் என் புள்ளி தெரிய வேண்டும், தடம் மாறினால் அன்றோடு வேலை கிடையாது. இதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம். ஒப்பந்தம் என்றதும் இரண்டு பேர் உட்கார்ந்து பேசியதாக நினைத்துவிட வேண்டாம். “சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான்” என்று அவர் சொன்னார், நான் தலையாட்டினேன்.

அந்த வேலை எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதை வீட்டில் அடைந்து கிடந்தவர்களுக்குத்தான் சொல்லிப் புரியவைக்க முடியும். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியாரும் நானும் டிவியுமாக இருந்த வருஷங்களை நினைத்தால் இப்போதும் மூச்சு முட்டுகிறது.

சைக்கிள் பந்தயம் என் போனுக்குள் எப்படி வந்தது என்று சரியாக நினைவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது அதன் கீழே ஒரு வரைபடத்துக்கு வழி இருந்தது. திறந்தால், பெயர் வாயில் நுழையாத மலைநாடு ஒன்று, அதன் மேல் சிதறிக் கிடக்கும் வண்ணப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆள். சைக்கிளில் படுக்கை, துணிமணி, சாப்பாடு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு தனியாகப் போகிறார்கள். யாரிடமும் தனி உதவி வாங்கக் கூடாது. வண்டியில் ஏறினால் பந்தயத்திலிருந்து விலகியதாக அர்த்தம். சைக்கிளில் இருக்கும் சிறு கருவி அவர்கள் நிற்கும் இடத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும், உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

எனக்கு வயிறு எரிந்தது. இவர்களையும்தான் நாள் முழுக்க ஊரே பார்க்கிறது. ஒருத்தராவது “அங்க உனக்கு என்ன சோலி?” என்று கேட்கிறார்களா?

அதில் ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டேன். எண்ணும் ஒரு சின்னப் படமும்தான் தெரியும். வெயிலில் நெற்றி கறுத்த, என்னைவிட மூத்த ஒருத்தி. நான் அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அக்கா கணவாய் ஏறுகிறாள், அக்கா ஆற்றங்கரையில் தூங்குகிறாள் என்று சொல்லிச் சொல்லி, பக்கத்து மேஜையில் காஸ் துணி மடிக்கும் என் தோழிக்கும் அந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. அவள் கான்சாபுரத்துக்காரி. தினமும் என்னோடு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வந்து, அங்கிருந்து வத்திராயிருப்பு பஸ் பிடித்து ஊருக்குப் போகிறவள்.

“ஏட்டி, ஒன் அக்கா எங்க நிக்கா?” என்பாள் வந்ததும் வராததுமாக.

“நேத்துல இருந்து ஒரே எடத்துல நிக்கா. பயமா இருக்கு.”

“செத்த நேரம் ஒறங்கட்டும் விடு. நம்ம சூப்பர்வைசரா அவ?”

அக்கா எழுந்து நகரும்போது எங்கள் இரண்டு பேருக்கும் கை வேகமாக ஓடும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக ராஜபாளையத்தில் கரண்ட் நிறுத்தும் நாள் வந்தது. கம்பெனி ஜெனரேட்டரும் பழுது, அதனால் மத்தியானத்தோடு லீவு என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊரில் கரண்ட் நிற்பது வேறு நாள் என்பதால் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு என் கையில் விழுந்த முதல் பிற்பகல் அது. எனக்கு ஒரே ஆசைதான். யாரும் பார்க்காமல் ஒரு தடவை சைக்கிள் விட வேண்டும்.

பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள் மம்சாபுரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தது. அண்ணன் அதில் புல்லுக்கட்டு ஏற்றுகிறான். ஆனால் புள்ளியை என்ன செய்வது? தோழி யோசிக்கவே இல்லை.

“போன எங்கிட்ட குடு. நான் கம்பெனிப் பக்கத்துலயே நாலு கடை ஏறி எறங்கிட்டு, எப்பவும் போற பஸ்ல போறேன். நீ வில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல வந்து வாங்கிக்கோ. ஒன் புள்ளி அதுபாட்டுக்கு ரோட்டுல போகும்.”

லொக்கேஷனைப் போட்டு, போனை அவள் பையில் வைத்துவிட்டு மம்சாபுரம் பஸ் ஏறினேன். மதினி எதுவும் கேட்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

மலையடிவாரத்தில் இருக்கும் செண்பகத்தோப்பு அங்கிருந்து ஒன்றும் தூரமில்லை. எனக்குத்தான் மிதித்துப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. செயின் கிரீச்சிட்டது, தோப்புக்காரன் நாய் ஒன்று கொஞ்ச தூரம் விரட்டியது. மாந்தோப்புகள் தாண்டியதும் மலை முன்னால் வந்து நின்றது. தினமும் பஸ் ஜன்னலில் பார்க்கிற மலைதான். சோதனைச் சாவடியில் வனத்துறைக்காரர் எழுந்து வந்தார்.

“தனியாவா வந்திய? உள்ள போகக்கூடாது.”

“போகல. இங்க வரைக்குந்தான்.”

பக்கத்து ஓடையில் முகம் கழுவி, ஒரு பாறையில் உட்கார்ந்தேன். நான் எங்கே இருக்கிறேன் என்று அந்த வனத்துறைக்காரரைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. சந்தோஷத்தில் அழுகை வந்தது, அழுதேன்.

சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்கள் பஸ் வரும் நேரத்தை ஒட்டி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். தோழியைக் காணவில்லை. ராஜபாளையம் பஸ்கள் ஒவ்வொன்றாக வந்தன. வழக்கமாக எங்கள் பஸ்ஸில் வரும் பூக்காரம்மாவைக் கேட்டேன். “அந்தப் பிள்ள அப்பமே எறங்கி வத்ராப் பஸ்ல ஓடி ஏறிருச்சே” என்றார். வத்ராப் என்றால் வத்திராயிருப்பு, அவள் ஊருக்குப் போகும் பஸ். அவள் பையில் என் புள்ளி கிருஷ்ணன்கோவிலைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். அதை ஒருவர் சவுதியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

வீட்டு வாசலில் மாமியார் தன் போனை நீட்டினார். “ஒனக்குக் கான்சாபுரத்துல என்ன சோலின்னு கேக்கான்.”

செண்பகத்தோப்புப் புழுதி கணுக்கால் வரை அப்பியிருந்தது. சேலைக் கரையில் கிரீஸ். அதை யாரும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் புள்ளி போன இடம்தான் கவலை. போனைத் தோழி பையில் மறந்து போட்டுவிட்டேன் என்றேன். “ஒரு வாரம் லீவு போடு. வேலைக்குப் போணுமா வேண்டாமான்னு யோசிச்சுச் சொல்லுதேன்” என்று அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை தோழி வீடு தேடி வந்து போனைக் கொடுத்தாள். முகம் செத்துப் போயிருந்தது.

“ஒன் அக்கா அம்புட்டு வேகமாப் போனாட்டி! எல்லாரையும் முந்தீருவான்னு கண்ண எடுக்காமப் பாத்துட்டே எறங்கினேனா, வத்ராப் பஸ்ஸு கெளம்பவும் பழக்கத்துல ஓடி ஏறிட்டேன். பாதி வழியில ஒங்க வீட்டுக்காரர் போன் வரவுந்தான் ஒறைச்சுது. பயத்துல நான் எடுக்கல.”

வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். மலைப் பாதையில் சைக்கிள் அந்த வேகம் போகாது. லாரிதான் போகும். அக்காவின் புள்ளி ஒரு நகரத்தில் நின்றிருந்தது, விலகிவிட்டாள் என்று பக்கத்தில் போட்டிருந்தது. அக்கா ஜெயிக்கப்போகிறாள் என்று தோழி குதித்த நேரத்தில், அக்கா லாரியில் ஏறிப் பந்தயத்தை முடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சவுதிக்குப் போன் போட்டேன்.

“ஒரு வாரம் என்ன, நான் வீட்டுலயே கெடக்கேன். ஆனா நீங்களும் லொக்கேஷன் போடுங்க. எனக்கு மட்டும் என்ன சட்டம்?”

“அன்னைக்கி ஒன் புள்ளி அங்க போகவும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு, தெரியுமா?” என்றார்.

“எனக்கும் நடுங்கட்டும். போடுங்க.”

போட்டார். அந்த வாரம் பந்தயத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன். பாலைவன ஓரத்தில் ஒரு கேம்ப். காலையில் கம்பெனி வேன் வேகத்தில் புள்ளி சைட்டுக்குப் போகும், சாயங்காலம் அதே வேகத்தில் திரும்பும். ஒரே ரோடு. ராஜபாளையம் ரோட்டில் நான் போவதும் இப்படித்தான் தெரிந்திருக்கும் என்று நினைத்தபோது கோபம் கொஞ்சம் இறங்கியது, எனக்கே அது பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. காலையிலிருந்து மத்தியானம் வரை புள்ளி அசையவே இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. கூப்பிட்டேன்.

“ஒடம்புக்கு எதுவுமா? நகரவே இல்லையே?”

“லீவு நாள். படுத்துருக்கேன்.”

“வெளிய ஒரு நடை போயிட்டு வாங்களேன்.”

“எங்க போக?”

அதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை. சொன்னால் வேலை போகும் என்று தெரியும். சொன்னேன். “அன்னைக்கி நான் போன மறக்கல. அவட்ட குடுத்துவிட்டுட்டு மம்சாபுரத்துல இருந்து சைக்கிள் எடுத்துட்டுச் செண்பகத்தோப்பு போனேன். தனியாத்தான். சும்மா போகணும்னு இருந்துச்சு, போனேன்.”

வேலை போயிற்று என்று முடிவு செய்துகொண்டேன்.

“ஓடையில தண்ணி கெடந்துச்சா?” என்றார்.

“கெடந்துச்சு.”

“எம்புட்டு?”

“முழங்காலுக்கு.”

“ம்” என்றார். அதற்குப் பிறகும் வெகுநேரம் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை மாமியாரிடம் சொல்லிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன், போகலாம் என்று யாரும் சொல்லாமலேயே. பஸ் வரும் நேரம், போனில் அவர் மெசேஜ் வந்தது.

“லொக்கேஷன் போடலையா?”

போட்டேன்.