நூலகத்தில் சத்தமாகப் பேசிய கோடை

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுவாரம் எங்கள் பகுதி நூலகத்தின் வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். சிறுவர்களுக்கு ஒரு மாதக் கோடை முகாம். அதை நடத்த உதவும் பதினைந்து முதல் பதினெட்டு வயதுக்காரர்களுக்கு உதவித்தொகை உண்டு. கன்னடத்தில் இருந்த அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தேன். உதவித்தொகை என்ற சொல்லை மட்டும் மூன்றாவது முறையும் படித்தேன்.

அம்மா ஊதுவத்தித் தொழிற்சாலையில் வேலை செய்தாள். அந்த லீவில் பாக்கெட் போடும் வேலையை வீட்டுக்கு வாங்கிவந்து என்னையும் உட்கார வைக்க நினைத்திருந்தாள்.

"புஸ்தகம் அடுக்கறதுக்கு யாரு அம்மிணி கூலி தர்றாங்க?"

"அடுக்கறதுக்கு இல்லம்மா. கதை சொல்றதுக்கு."

"அதுக்கு மட்டும் தர்றாங்களாக்கும்."

அப்பா டைல்ஸ் ஒட்டுபவர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு முன்பே மைசூருக்கு வந்தவர். "போய்க் கேட்டுட்டு வரட்டும். கேட்டா என்ன குறைஞ்சா போயிரும்?" என்றார்.

நூலக அதிகாரி ஒரு மேடம். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, என்ன தெரியும் என்று கன்னடத்தில் கேட்டார். எனக்கு முன்னால் போனவர்கள் ஓவியம், கம்ப்யூட்டர், இங்கிலீஷ் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். எனக்கு அது எதுவும் பெரிதாக வராது. பள்ளியில் மைக் கெட்டுப்போனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால், "சத்தமாப் பேசுவேன் மேடம்" என்றேன்.

"இது லைப்ரரிம்மா, தெரியுமா?"

"தெரியும் மேடம். ஆனா நாப்பது பசங்களை ஒரே இடத்துல உக்கார வைக்கணும்னா மெதுவாப் பேசறவங்களால ஆகாது."

மேடம் சிரிக்காமல் என் பெயரை எழுதிக்கொண்டார்.

என்னுடன் ஜோடி சேர்க்கப்பட்டவள் அக்ரஹாரத்துப் பெண், இங்கிலீஷ் மீடியம். நான் போனில் அம்மாவிடம் பேசியதைக் கேட்டுவிட்டு, "நீயும் தமிழா? எங்காத்துலயும் தமிழ்தான்" என்றாள். அவள் குடும்பம் மேலுகோட்டையிலிருந்து வந்தது. தலைமுறை தலைமுறையாகக் கர்நாடகம்தான். அவள் தமிழைக் கேட்டு நான் சிரித்தேன், என் தமிழைக் கேட்டு அவள் சிரித்தாள். அன்று மாலைக்குள் இருவரும் கன்னடத்துக்கு மாறிவிட்டோம். ஒன்றில் மட்டும் நாங்கள் ஒரே மாதிரி. இருவருக்கும் தமிழில் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது.

முதல் நாள் அவள் கதை படித்தாள். நல்ல கதையாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள், ஆனால் குரல் இரண்டாவது வரிசையைத் தாண்டவில்லை. பிள்ளைகள் அலமாரிகளைச் சுற்றி ஓட ஆரம்பித்தார்கள். நான் ஒரு ஸ்டூலின் மேல் ஏறி நின்று அதே கதையைச் சொன்னேன். நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள். முன்கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர்களும் நிமிர்ந்தார்கள்.

மூன்றாம் நாள் மேடம் எங்களைக் கூப்பிட்டார். மேசையில் கருத்துப் புத்தகம் திறந்திருந்தது. நான்கு பேர் சத்தத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். அதில் ஒருவர், அந்த ராஜகுமாரி கடைசியில் என்ன ஆனாள் என்றும் கேட்டிருந்தார்.

"ஒன்று மெதுவாகப் பேசு, இல்லாவிட்டால் வேறு வேலை தருகிறேன்" என்றார் மேடம்.

"பின்பக்கம் இடம் சும்மாதானே மேடம் கிடக்கு? நாங்க அங்க போயிடறோம்."

பின்பக்கம் என்றால் உடைந்த நாற்காலிகள், முழங்கால் உயரப் புதர், ஒரு புங்கமரம், ஒரு மதில். அங்கே பாம்பு வரும் என்றார் அட்டெண்டர். நாற்பது பிள்ளைகள் போடும் சத்தத்துக்குப் பாம்பு வராது என்றேன். இரண்டு நாளில் சுத்தம் செய்து முடித்தோம். கைக்கு உறை மாட்டிக்கொண்டு வந்த என் ஜோடிதான் என்னைவிட அதிகம் நாற்காலி தூக்கினாள்.

அதற்குப் பிறகு அவள் கதையைச் சுருக்கி எழுதித் தருவாள், நான் சொல்வேன். ஒரு வாரம் போயிருக்கும். மதிலுக்கு மேலே வரிசையாகத் தலைகள் முளைத்தன. பின்னால் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகள். அவர்களில் ஒன்பது வயதிருக்கும் ஒரு சிறுமி கத்தினாள். "அக்கா, அந்த நரி அப்புறம் என்ன பண்ணுச்சு? நீங்க பேசறது ஒண்ணும் புரியல!"

தருமபுரிப் பக்கத்துத் தமிழ். நான் மதிலைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். மறுநாளிலிருந்து ஒவ்வொரு துண்டும் முதலில் கன்னடத்தில், பிறகு தமிழில். நாலைந்து நாளில் கன்னடப் பிள்ளைகளே எனக்கு முன்னால் தமிழ் வரியைக் கூவ ஆரம்பித்தார்கள்.

மதிலுக்கு மேல் நின்றவர்களை வாசல் வழியாக உள்ளே வரச் சொன்னேன். அட்டெண்டர் அவர்களைத் தடுத்துவிட்டார். விண்ணப்பப் படிவம் வேண்டும், படிவத்துக்கு முகவரிச் சான்று வேண்டும். அவர்கள் இருந்தது தகர ஷெட்டில். நான் நேராக மேடம் அறைக்குப் போனேன்.

"புஸ்தகம் எடுத்துட்டுப் போறதுக்குத்தானே மேடம் ரூல்? கதையைக் காதுல கேட்டுட்டுப் போறதுக்கு என்ன ரூல்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உட்காரட்டும். புத்தகம் வேண்டுமென்றால் உன் கார்டில் எடுத்துக் கொடு. பொறுப்பு உன்னுடையது."

"சரி மேடம்" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

உள்ளே வந்த அந்தச் சிறுமி, எங்கள் நூலகத்தில் நாங்கள் கவனிக்காத ஒன்றைக் கண்டுபிடித்தாள். கடைசி அலமாரியின் அடித்தட்டில் பாதி வரிசைக்குத் தமிழ்ப் புத்தகங்கள் இருந்தன. ஒன்றை உருவி, விரலை வைத்து, தடங்கல் இல்லாமல் வாசித்தாள். ஊரில் மூன்றாம் வகுப்பு முடித்தவள். நானும் என் ஜோடியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"உங்களுக்குப் படிக்க வராதாக்கா?"

"வராது."

"இவ்ளோ பெருசா இருக்கீங்க?"

எனக்கு வெட்கம் வரவில்லை. பக்கத்தில் ஒருவர் சாப்பிடும்போது வருமே, அந்த மாதிரி ஒரு பசிதான் வந்தது. அன்றிலிருந்து முறை மாறியது. அவள் முதலில் தமிழில் வாசிப்பாள். நான் அதைக் கன்னடத்தில் சொல்வேன். என் கார்டில் மூன்று தமிழ்ப் புத்தகங்கள் அவளுடன் போயின.

முகாம் முடிய நான்கு நாள் இருந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. நாற்காலி போட்டு எட்டிப் பார்த்தேன். ஷெட்டுகளைப் பிரித்துவிட்டிருந்தார்கள். குண்டலுபேட்டையில் ஒரு கல்யாண மண்டப வேலைக்கு எல்லாரும் முந்தின நாளே போய்விட்டார்கள் என்றார் அந்தக் கட்டடத்து வாட்ச்மேன். என் கார்டில் எடுத்த மூன்று புத்தகங்களும் அவளிடம்தான் இருந்தன.

"மேடம்கிட்ட சொல்லலாமா?" என்றாள் என் ஜோடி.

"சொல்லித்தான் ஆகணும். வா, இப்பவே போலாம்."

திரும்பும்போது அவள்தான் பார்த்தாள். மதிலின் மூலையில், மரக்கிளைக்கு அடியில், கட்டுக்கம்பியால் இறுகக் கட்டிய சிமெண்டுப் பை. முந்தின இரவு நல்ல மழை. பைக்குள் மூன்று புத்தகங்களும் நனையாமல் இருந்தன. கூடவே ஒரு நோட்டுத் தாளில் தமிழில் நாலு வரி.

மேடம் அட்டையிலிருந்த சிமெண்டைத் தட்டிவிட்டு, "நம் மெம்பர்களே இப்படித் திருப்பித் தருவதில்லை" என்றார்.

என் ஜோடி போனை எடுத்துத் தாளுக்கு நேராகப் பிடித்தாள். மொழிபெயர்க்க ஒரு நிமிடம் போதும். நான் தாளை மடித்துக்கொண்டேன்.

"வேண்டாம். நானே படிக்கிறேன்."

"எத்தனை நாள் ஆகும்?"

"ஆகட்டும்."

உதவித்தொகை வாங்குவதற்காகவே முதல்முறையாக என் பெயரில் வங்கிக் கணக்குத் திறந்தேன். பணம் வந்த அன்று தமிழ் அரிச்சுவடி இரண்டு வாங்கினேன், எனக்கொன்று, என் ஜோடிக்கொன்று. மீதியை அம்மா கையில் கொடுத்தேன். அவள் அதைப் பக்கத்து வீடுகளிலெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். பதினொன்றாம் வகுப்புக்கான பி.யூ. கல்லூரி திறந்தது. சாயங்காலங்களில் இருவரும் புங்கமரத்தடியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினோம். அந்த நாலு வரியைத் தடுமாறாமல் படிக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது.

"அக்கா, மூணாவது புக்கு பாதிதான் படிச்சேன். பக்கத்தை மடிச்சு வச்சிருக்கேன். யாருக்கும் குடுத்துராதீங்க. நீங்களும் சீக்கிரம் படிக்கக் கத்துக்கோங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமையே அந்தப் புத்தகத்தை என் கார்டில் எடுத்துக்கொண்டு இருவரும் குண்டலுபேட்டைக்கு பஸ் ஏறினோம். கல்யாண மண்டபம் எங்கே கட்டுகிறார்கள் என்று மூன்று இடத்தில் விசாரித்துக் கண்டுபிடித்தோம். அவள் தண்ணீர்த் தொட்டியருகில் தம்பியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"இவ்ளோ நாளாக்கா?"

"உன் லெட்டரைப் படிக்கணுமே."

புத்தகத்தை வாங்கி, மடித்திருந்த பக்கத்தைச் சரியாகத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதை என்னிடமே நீட்டி, "நீங்க படிங்க, பாக்கலாம்" என்றாள். ஜல்லிக் குவியலில் உட்கார்ந்து, வழக்கம்போலச் சத்தமாக, ஒரு பக்கம் முழுக்க வாசித்தேன். கலவை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவள் என்னை இரண்டு இடத்தில் திருத்தினாள். மூன்றாவது இடத்தில் அவள் வாய் திறப்பதற்குள் என் ஜோடி திருத்திவிட்டாள்.