புளியமரத்துச் சிலந்தியும் பெரியவள் கழுத்துக் கொப்புளமும்

பிள்ளைகளே, உங்கள் மூவரில் பெரியவள் தன் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்வாள். "எங்கப்பா உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி வளத்தாரு. அப்புறம் அதக் கொண்டுபோயி அதே புளியமரத்துல வுட்டுட்டாரு" என்று முடிப்பாள். போன மாதம் கடத்தூர் வந்திருந்தபோதும் சொன்னாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அந்தக் கடைசி வரி சரியில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரைதான் படித்தவன். பிழை இருந்தால் நீங்கள் மூன்று பேரும் சரிபண்ணிப் படித்துக்கொள்ளுங்கள்.

அது எண்பதுகளில் நடந்தது. எனக்குக் கரண்ட் ஆபீஸில் ஹெல்பர் வேலை. கடத்தூருக்கு மாற்றலாகி வந்து லைன் வீடு ஒன்றில் குடியேறிய வாரம். பெரியவளுக்கு ஐந்து வயது, மற்ற இருவரும் அப்போது பிறக்கவில்லை. பொம்மிடி ரோட்டில் கம்பிமேல் சாய்ந்த புளியங்கிளையை வெட்டினோம். கிளை கீழே விழுந்ததும் அதன் பொந்திலிருந்து ஒரு சிலந்தி வெளியே வந்தது. சாம்பல் நிறம், உடம்பெல்லாம் மயிர். நான் குச்சியை நீட்டியதும் முன்கால் இரண்டையும் தூக்கி நின்றது. காலின் அடிப்பக்கம் மஞ்சளாக இருந்தது, மஞ்சள் பூசிய மாதிரியே. கூட வந்தவர்கள் அரிவாளை எடுத்தார்கள். எனக்கு மனசு வரவில்லை. டிபன் பாக்ஸைக் கவிழ்த்துப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

உங்கள் அம்மா அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். கத்தவில்லை.

"ஏங்க, நாளைக்குச் சோறு எதுல கட்டறது?"

"கழுவிக்கலாம் புள்ள."

"நீங்களே கழுவி நீங்களே தின்னுங்க."

டீக்கடையில் கீறல் விழுந்த மிட்டாய் ஜாடி ஒன்று கேட்டு வாங்கிவந்தேன். தகர மூடியில் ஆணியால் ஓட்டை போட்டேன். உள்ளே அந்தப் புளியம்பட்டையையே ஒரு துண்டு சாய்த்து வைத்தேன். ஜாடி முன்னறை அலமாரியில், குழந்தை கைக்கு எட்டாத தட்டில் இருந்தது. நீங்கள் இப்போது டி.வி.யில் பார்த்து டரான்டுலா என்கிறீர்கள். எங்களுக்கு அது வெறும் பெரிய சிலந்தி.

பகலெல்லாம் அது பட்டைக்குப் பின்னால்தான் இருக்கும். இரண்டே நாளில் அங்கே வெள்ளைத் துணிக்குழாய் மாதிரி ஒரு கூடு பின்னிக்கொண்டது. சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்தில் குழாய் வாயில் நான்கு கால் நுனி மட்டும் தெரியும். பெரியவள் ஸ்டூல் போட்டு ஏறி, "அப்பா, கால் வந்துருச்சு" என்பாள். நான் பிடித்துப் போடும் கரப்பான் அசையும்வரை அது சும்மா இருக்கும். அசைந்ததும் பிடித்துவிடும், எப்படிப் பாய்ந்தது என்று ஒருநாளும் எங்கள் கண்ணில் படவில்லை. தின்று முடித்த மிச்சத்தைச் சின்ன உருண்டையாக்கி ஒரே மூலையில் கொண்டுபோய் வைக்கும். கண்ணாடியில் தெளித்த தண்ணீரை வாய் வைத்துக் குடிக்கும். ஒவ்வொரு காலாக வாயில் இழுத்துச் சுத்தம் பண்ணும். "உங்கள விட சுத்தமாத்தான் இருக்குது" என்று உங்கள் அம்மாவே ஒருநாள் சொன்னாள். அவள் அதைப் பற்றி நல்லதாகச் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான்.

பத்து நாள் போயிருக்கும். பெரியவளின் பின்கழுத்தில் கொப்புளம் வந்தது. முதலில் சிவப்பாகத் தடித்தது, அப்புறம் நீர் கோத்துக்கொண்டது. அவள் சொறிந்து சொறிந்து எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு பாக்கு அளவுக்கு ஆகிவிட்டது. உங்கள் அம்மா கொப்புளத்தைப் பார்த்தாள், அடுத்து அலமாரியைப் பார்த்தாள்.

"மூடி இறுக்கமாத்தான இருக்குது" என்றேன்.

"ஓட்ட போட்டது நீங்கதான?"

ஓட்டையில் அதன் ஒரு கால்கூட முழுசாக நுழையாது. அவளுக்குச் சொன்னேன். ஆனாலும் அன்று படுக்கும்முன் நான்கு ஓட்டையில் இரண்டை மெழுகால் அடைத்தேன். சந்தேகம் என்னிடமும் வந்துவிட்டது.

குயவர் தெருவில் அக்கி எழுதும் பெரியவர் ஒருவர் இருந்தார். உடம்பில் இப்படிக் கொப்புளம் வந்தால், காவிக்கல்லை உரைத்து இறகால் தொட்டு அதைச் சுற்றி எழுதுவார்கள். எங்கள் பக்கம் அதுதான் முதல் வைத்தியம். பெரியவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"எட்டுக்கால் பூச்சி ஊந்துட்டுப் போன எடங்க இது. வூட்ல ஒட்டடை அடிக்கறதில்லீங்களா?"

பெரியவள் குனிந்தபடியே சொன்னாள்: "எங்கப்பா ஜாடியில வச்சிருக்காரு."

அவர் இறகு நின்றது. "ஜாடியிலயா? ஊறுகாயா கண்ணு போட்டிருக்காரு?"

உங்கள் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் எழுதி முடித்து, "தலைக்குத் தண்ணி ஊத்தாதீங்க. காவி கலையக் கூடாது. அந்தப் பூச்சிய மொதல்ல வெளிய அனுப்புங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அம்மா, காவி தலையணையில் ஒட்டுமே என்று, சலவைக்குப் போய் வந்த என் வேட்டியை நான்காக மடித்துத் தலையணைமேல் விரித்தாள். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் நாங்கள். சலவைக்காரரும் எங்களுக்குப் புதுசு. வந்த வாரமே என் வேட்டி சட்டை, குழந்தையின் கவுன் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி அவரிடம் கொடுத்திருந்தோம். அதை அப்போது யாரும் நினைக்கவில்லை. எங்கள் கண் நான்கும் ஜாடிமேல்தான் இருந்தது.

நான் வேவு பார்க்க ஆரம்பித்தேன். உங்கள் அம்மாவின் சீப்பிலிருந்து நீளமான மயிர் ஒன்றை எடுத்து, மூடிக்கும் ஜாடிக்கும் குறுக்கே சோற்றுப் பசையால் ஒட்டினேன். மூடி அசைந்தால் அறுந்துவிடும்.

"என் மயிரு என்ன திண்டுக்கல் பூட்டா?" என்றாள்.

ஜாடியைச் சுற்றிக் கோலமாவும் தூவி வைத்தேன். காலையில் எழுந்ததும் வேலைக்குக் கிளம்பும்முன் முதல் பார்வை அதற்குத்தான். இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மாவில் புள்ளி புள்ளியாகத் தடம், நடுவில் ஒரு கோடு. மயிர் அறுபடவில்லை.

"பல்லி புள்ள. நடுவுல கோடு அதோட வாலு."

"அது வாலில்ல. நூல் இழுத்துட்டுப் போயிருக்குது. செலந்திக்கு நூல் இல்லீங்களா?"

பல்லிதான் என்று அப்போதும் நினைத்தேன், ஆனால் சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணியிருக்க மாட்டேன்.

அதே சமயத்தில் சிலந்தி சாப்பிடுவதை நிறுத்தியது. கரப்பானைப் போட்டால் சிலந்தியின் கால்மேலேயே ஏறிப் போகும், சிலந்தி கண்டுகொள்ளாது. ஒரு வாரம், அப்புறம் இன்னொரு வாரம். வயிறு வற்றவில்லை, பளபளவென்று கறுத்துத்தான் போனது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தின்னாமல் எப்படி வயிறு அப்படியே இருக்கும்? வெளியே எங்கேயோ போய்த் தின்றுவிட்டு, விடிவதற்குள் வந்து படுத்துக்கொள்கிறதா? என்ன தின்கிறது? இதை உங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை. அவளும் அதையேதான் நினைத்திருக்கிறாள் என்பது, குழந்தையின் பாயைச் சுவரோரத்திலிருந்து இழுத்து நடுவில் போட்டபோது தெரிந்தது.

அந்த வாரம் பெரியவளின் இடது கன்னத்தில் கண்ணுக்கு ஒரு விரல் கீழே புதுசாகக் கொப்புளம் வந்தது. காலையில் கண் பாதிதான் திறந்தது.

உங்கள் அம்மா துணிகளைப் பையில் வைத்தாள். "ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அது இங்க இருந்தா நானும் பாப்பாவும் இங்க இருக்க மாட்டோம். கண்ணு போனா யாருங்க பதில் சொல்றது?"

"கொண்டுபோய் மரத்துலயே வுட்டுடறேன்" என்றேன். அப்படித்தான் முடிவு பண்ணியிருந்தேன். அது உண்மை.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்து ஜாடியைப் பார்த்தால், சிலந்தி மல்லாந்து கிடந்தது. கீழே மெல்லிசாக வலை விரித்து அதன்மேல் எட்டுக் காலும் மேலே பார்க்கக் கிடந்தது. ஜாடியைத் தட்டினேன், ஆட்டினேன். அசையவில்லை.

"செத்துப்போச்சு" என்றேன்.

உங்கள் அம்மா எட்டி நின்று பார்த்தாள். "நல்லா தெரியுமா?"

"தெரியும்."

எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் தோளிலிருந்து மூட்டையை இறக்கிய மாதிரி இருந்தது. பொம்மிடி ரோடு வரைக்கும் சைக்கிள் மிதிக்க வேண்டாம். லைன் வீட்டுக்குப் பின்னால் குப்பைமேட்டில் ஜாடியைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு வந்தேன். பெரியவள் வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். காவி பூசிய கன்னம், ஒரு கண் இடுங்கியிருந்தது.

"அப்பா, கால் எங்க?"

"மரத்துல வுட்டுட்டேன் கண்ணு. அதோட வூட்டுக்குப் போயிருச்சு."

மறுநாள் காலையில் சாம்பல் கொட்டப் போனேன். குப்பைமேட்டில் எறும்புச் சாரை. அதன் முடிவில் சிலந்தி கிடந்தது. முதுகுப் பக்கம் மூடி திறந்த மாதிரி பிளந்திருந்தது. உள்ளிருந்து இன்னொரு சிலந்தி பாதி வெளியே வந்திருந்தது. வெளுப்பாக, ஈரமாக, பழைய காலுக்குள்ளிருந்து புதுக்கால்களைப் பாதிவரை உருவியிருந்தது. அதன்மேல்தான் எறும்பு. பாம்பு உரித்த சட்டையை வரப்பில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். சிலந்தியும் சட்டை உரிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அதற்காகத்தான் தின்னாமல் இருந்திருக்கிறது. அதற்காகத்தான் மல்லாந்திருக்கிறது. கொண்டுபோன சாம்பலை அதன்மேலேயே கொட்டி மூடிவிட்டு வந்தேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

கன்னத்துக் கொப்புளம் லேசாக வாட ஆரம்பித்தது. "பாத்தீங்களா" என்றாள் உங்கள் அம்மா. காவியைக் கழுவி, குழந்தைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சலவையிலிருந்து அப்போதுதான் வந்த இன்னொரு கவுனைப் போட்டுவிட்டாள். மூன்றாம் நாள் பின்கழுத்தில் மறுபடியும் தடிப்பு வந்தது.

இந்தத் தடவை குழந்தையின் நகத்தை ஒட்ட வெட்டியிருந்ததால் அவள் சொறியவில்லை, தடிப்பின் வடிவம் கலையவில்லை. இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு. உங்கள் அம்மா விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் கவுனின் கழுத்துப் பட்டையைத் திருப்பினாள். உள்பக்கம் கறுப்பு மையில் இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு. எங்கள் வீட்டுத் துணி என்று அடையாளம் தெரிய சலவைக்காரர் போட்ட குறி. ஓடிப்போய்த் தலையணைமேல் கிடந்த வேட்டியை எடுத்தாள். அதன் மூலையிலும் அதே குறி.

சலவைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சேங்கொட்டைங்கற காட்டுக் கொட்டையோட பாலுங்க அது. தண்ணில போவாது. எங்கப்பா காலத்துல இருந்து இதாங்க போடறோம், எல்லாருக்கும் ஒண்ணும் பண்ணாது. ஒரு சில தோலுக்குத்தான் ஆவாது. பாப்பாவுக்கு ஆவாதுன்னு தெரிஞ்சிருந்தா கலர் நூல் கட்டியிருப்பேனே."

அன்றிலிருந்து நம் வீட்டுத் துணிக்குச் சிவப்பு நூல்தான் கட்டினார். டாக்டர் கொடுத்த களிம்பில் பத்து நாளில் எல்லாம் ஆறிவிட்டது. பெரியவளே, உன் பின்கழுத்தில் இன்னும் இரண்டு புள்ளி மங்கலாகத் தெரியும். கோடு போய்விட்டது.

அன்று சலவைக்காரர் போனபின் உங்கள் அம்மா ஜாடியைக் கழுவ எடுத்தாள். பட்டையை வெளியே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "அது செத்துத்தான கெடந்துச்சு?"

"ஆமா" என்றேன்.

அவளும் இதைப் படிப்பாள். அதனால்தான் இத்தனை வருஷம் எழுதாமல் இருந்தேன்.

பெரியவள் கதையை இனி எப்படி முடிப்பது என்பது அவள் இஷ்டம். ஆனால் அந்தப் புளியமரம் இன்னும் பொம்மிடி ரோட்டில் நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை, லீவுக்கு எங்களோடு தங்கியிருக்கும் அவள் மகன் அந்தச் சிலந்தியைத் தேடிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு பொந்தாக அண்ணாந்து பார்த்துவிட்டுக் கழுத்து வலியோடு வந்தான். "இல்ல தாத்தா, நாளைக்கு மறுபடியும் பாக்கறேன்" என்றான். இனி அவனை அங்கே தேட அனுப்ப வேண்டாம்.