கபீலிடம் கேட்க வேண்டியது

சவூதியில், அல் கோபாரில், எனக்கு விசா கொடுத்து வேலைக்கு வைத்திருக்கும் அரபி முதலாளியான கபீலின் விருந்தினர் மாளிகையில் வருகிறவர்களுக்கு அரபிக் காப்பி ஊற்றுவது என் டூட்டி. துபாய்ப் பக்கம் கட்டட வேலைகள் நின்றுபோன வருஷம் அது. அல் ஐனில் கொத்தனாராக இருந்த என் தம்பியின் கம்பெனியும் மூடிவிட்டது. மறுநாள் சாயங்காலம் ஊருக்கு ஏற்றிவிடப் போகிறார்கள் என்று போன் செய்தான்.

"உன் கபீல்கிட்ட ஒரு விசா கேளுண்ணே. தர்றேன்னு சொன்னா போதும், இங்க கெஞ்சிக் கூத்தாடி பத்து நாள் தள்ளிப் போட்டுருவேன். ஊருக்குப் போயிட்டா அவ்வளவுதான்."

மறுநாள் மாளிகையில் கூட்டம். வளைகுடா நாடுகளுக்கெல்லாம் ஒரே நாணயம் கொண்டுவருவது பற்றிப் பேச, அந்தந்த நாட்டு வங்கிக்காரர்கள் வந்திருந்தார்கள். கபீலும் ஒரு வங்கிக்காரர்தான். கூட்டம் முடிந்ததும் கபீல் லண்டன் போகிறார். திரும்பிவர ஒரு மாசம் ஆகும். அதற்குள் கேட்டாக வேண்டும்.

விருந்தாளி கோப்பையை ஆட்டி, போதும் என்று காட்டும்வரை ஊற்றுகிறவன் பக்கத்தைவிட்டு நகரக்கூடாது. அன்று பேச்சு சூடாகி, ஒருவரும் கோப்பையை ஆட்டவில்லை. கதவு சாத்திய அறையில், கபீலின் தோளருகே, கூஜாவோடு நின்றேன். சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

கூஜா காலியானபோதுதான் சமையலறைக்குப் போக முடிந்தது. சமையல்காரர் கீழக்கரை பாய், அரபி நன்றாகத் தெரிந்தவர். பேரீச்சம்பழம் வைக்க வந்தபோது அவரும் பேச்சைக் கேட்டிருந்தார். என்ன சண்டை என்று கேட்டேன்.

"ஒரே காசுன்னா எல்லாருக்கும் சம்மதம். ஆனா ஒரு நாடு நொடிச்சா யாரு தூக்கிவிடுறது? எல்லாரும் பொதுவுல பணம் போட்டு வைக்கணும், செலவையும் சேர்ந்தே முடிவு பண்ணணும்னு ஒருத்தர் சொல்றாரு. நம்ம கபீல், அவனவன் வீட்டை அவனவன் பாக்கட்டும்ங்கிறாரு. அது கெடக்கு, நீ கேட்டியா?"

"இல்ல பாய்."

"காலையிலேர்ந்து அவர் காதுகிட்டதானே நிக்கிறே. வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவனவன் வீட்டை அவனவன் பார்க்கட்டும் என்கிறவரிடம் தம்பிக்காக எப்படிக் கேட்பது? எனக்கு அது நல்ல சாக்காகப் போயிற்று.

மதியம், ஒரு முடிவும் எட்டாமல் எழுந்தார்கள். கபீலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கார்வரை போனேன். வண்டியில் ஏறியவர் கண்ணாடியை இறக்கினார்.

"உனக்கு ஏதாவது வேணுமா?" என்று இந்தியில் கேட்டார்.

"மாஃபி" என்றேன். ஒன்றுமில்லை என்று. வண்டி போய்விட்டது.

தம்பியைக் கூப்பிட்டேன்.

"கேட்டேன்டா. முடியாதுன்னுட்டாரு."

அவனுக்குப் பின்னால் யாரோ, ஜல்தி, ஜல்தி என்று விரட்டுவது கேட்டது.

"பரவாயில்லண்ணே. சோறு பத்தலைன்னாகூட வாய் தொறக்க மாட்டே. எனக்காகப் போய்க் கேட்டியே" என்றான்.