சின்னண்ணனின் வெறுங்கால்

சங்ககிரி லாரி பட்டறைகளில் சின்னண்ணனின் காலைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. மற்ற டிரைவர்கள் வண்டியைக் காதால் கேட்டால், அவர் காலால் கேட்பார் என்பார்கள். முப்பத்திரண்டு வருஷமாக வெறுங்காலோடு ஓட்டியவர். இந்தப் பக்கத்துப் பழைய டிரைவர்களுக்கு அதுதான் பழக்கம். சோறு போடுகிற வண்டியில் செருப்போடு ஏறுவதா? கிளட்ச்சில் பாதத்தை வைத்த மாத்திரத்தில், "கியர்பாக்ஸுல பேரிங் போச்சுடா" என்பார். பிரித்துப் பார்த்தால் போயிருக்கும்.

அந்தக் காலில் இப்போது உணர்ச்சி இல்லை. சர்க்கரை நோய் தின்றுவிட்டது. தை மாதம் விரல்களில் தொடங்கிய மரமரப்பு ஆடிக்குள் குதிகால்வரை வந்துவிட்டது. பிரேக் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பதை வண்டி நிற்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். வெளியே சொன்னால், சொந்த லாரியே ஆனாலும் ஸ்டீயரிங்கை விட்டு இறக்கிவிடுவார்களே என்று மனைவி வசந்தாமணியிடம்கூட மூச்சு விடவில்லை. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! பின்னால் இருபது டன் சிமெண்டு, முன்னால் சைக்கிளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். தெரிந்தேதான் ஓட்டினார்.

மகன் சந்தோஷ்குமார் பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவன். மாடி அறையில் கார் பந்தயம் ஓட்டிப் பார்க்க ஒரு சிமுலேட்டர் செய்து வைத்திருந்தான். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்து, அப்பாவின் பழைய வண்டி சீட்டையே அதில் மாட்டி, எதிரே திரை, ஸ்டீயரிங், மூன்று பெடல். ஒரே குறை, ஓடுகிற வண்டியின் அதிர்வு உடம்புக்கு வரவில்லை. அதற்கென்று ஷேக்கர் என்று ஒன்று விற்கிறார்கள். ஸ்பீக்கருக்கு ஒன்றுவிட்ட தம்பி. பாட்டுப் பாடாது, குலுக்கும். உள்ளங்கை அளவில் சின்னது ஒன்று, தூக்கினால் கை வலிக்கும் பெரியது ஒன்று, இரண்டையும் வரவழைத்துப் பெடல் தகட்டுக்கு அடியில் மாட்டிவிட்டான். பிடிக்காததைத் திங்கட்கிழமைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்.

"எது நெசமான வண்டி மாதிரி இருக்குதுன்னு நீங்க வந்து சொல்லுங்கப்பா. உங்க காலுக்குத் தெரியாததுங்களா?"

சின்னண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எனக்கு லோடு இருக்குது சாமி."

"லோடு நாளைக்குத்தானுங்களே. அஞ்சே நிமிசம்."

மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பான். எப்படியும் இரைச்சல் வரும், அதை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு படியேறினார்.

"செருப்போடயே உக்காருங்கப்பா. தகட்டோரத்துல இன்னும் பிசிறு எடுக்கல."

"உங்கப்பன் என்னைக்குடா செருப்போட அந்த சீட்டுல உக்காந்திருக்கறான்?" என்று கழற்றி ஓரமாக வைத்தார். வீராப்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

உட்கார்ந்ததும் மகன் பெரிய ஹெட்போன் ஒன்றை எடுத்து அவர் காதுகளை மூடினான். "சத்தம் கேட்டா மனசு ஏமாந்துபோயிருமுங்க. காலை மட்டும் வெச்சுச் சொல்லோணும்."

போச்சு. இருந்த ஒரே வழியும் அடைத்துவிட்டது.

திரையில் சாலை ஓடியது. சின்னண்ணன் கிளட்சை மிதித்தார், விட்டார், மறுபடி மிதித்தார். முதல் ஷேக்கரைக் குலுக்கவிட்டு மகன் ஒரு விரலைக் காட்டினான், கொஞ்ச நேரம் கழித்து அடுத்ததற்கு இரண்டு விரலைக் காட்டினான். காலுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. இரண்டு பாதங்களையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்ட மாதிரி இருந்தது. அவர் மகனின் முகத்தைப் பார்த்தார். இரண்டாவது விரலைக் காட்டும்போது அவன் கண்ணில் ஓர் ஆவல் தெரிந்தது. முப்பத்திரண்டு வருஷம் செக்போஸ்டுகளில் முகம் பார்த்தே பிழைத்த மனுஷனுக்கு அது போதாதா?

ஹெட்போனைக் கழற்றினார். "ரெண்டாவதுதான். மொதல்ல வந்தது சும்மா சிணுங்குது. அது வண்டியே இல்ல."

"அப்படிப் போடுங்க! பெருசுதானுங்கப்பா ரெண்டாவது!" மகன் கை தட்டினான். "இந்த ஊருல உங்க காலை அடிச்சுக்க ஆளில்லீங்க!"

சின்னண்ணனும் சிரித்துவிட்டார், படுபாவி. தப்பித்தோம் என்கிற சிரிப்பு.

மகனின் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். தகட்டின் விளிம்பில் குதிகால் உரசி உரசிச் சதை பிளந்து கிடந்தது. ரத்தம் தகட்டை நனைத்துத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா," என்றான் மெதுவாக. "வலிக்கலீங்களா?"

அவர் குனிந்து பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தார். இனிமேல் வலிக்கிறது என்று சொல்லி என்ன பிரயோஜனம்?

மகன் கூப்பிட்ட குரலுக்குத் துணியோடு மாடிக்கு ஓடிவந்த வசந்தாமணி காயத்தை அழுத்திப் பிடித்தாள். "எத்தனை நாளா இப்படிங்க?" "தையில இருந்து," என்றார் அவர். அவள் மாதங்களை எண்ணிப் பார்த்தாள். "போன மாசம் என்னையும் எங்கக்கா பேத்தியையும் முன்னால உக்கார வெச்சுப் புதுச்சத்திரம் ஓட்டிட்டுப் போனீங்களே. அப்பவுமா?"

"அப்பவுந்தான்."

அவள் கட்டுப் போட்டு முடித்தாள், கையைக் கழுவினாள், கீழே போய் ஆணியில் தொங்கிய லாரி சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மகன் தலையைக் குனிந்தபடி ரத்தத்தைத் துடைத்தான்.

"எதைங்கப்பா திருப்பி அனுப்பட்டும்?" என்றான், ஏதாவது பேசியாக வேண்டுமே என்று.

"எதையாச்சும் அனுப்பு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

திங்கட்கிழமை காலையில் சபரிநாதன் என்கிற புது டிரைவர் வந்தான். வசந்தாமணி சாவியைக் கொடுத்தாள். சின்னண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பையன் கேபின் கதவைத் திறந்து, சேறு அப்பிய ஷூவோடு படியில் கால் வைத்தான். அவருக்கு ரத்தம் கொதித்தது.

"டேய், அதைக் கழட்டிப்போட்டு ஏறுடா!" என்று கத்த வாயைத் திறந்தார்.

அப்போது தன் கால் கண்ணில் பட்டது. சர்க்கரைக்காரர்களுக்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த நீலநிறப் பட்டைச் செருப்பு. வீட்டுக்குள்கூடக் கழற்றக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டார். வண்டி உறுமிக்கொண்டு நகர்ந்தது. வாசல் தரை அதிர்ந்ததை, ஓரத்தில் இருந்த தண்ணீர்க் குடத்தின் நடுக்கத்தைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார்.